பெரியவனும் சின்னவனும்

அவன் முகம் இப்போது எனக்குச் சரியாக நினைவில்லை. மீசை இருந்ததா என்று கேட்டால் யோசிக்க வேண்டும். கால்கள் இரண்டும் நினைவிருக்கின்றன. இடது காலில் கட்டைவிரலைவிட அடுத்த விரல் நீளம். வலது காலில் சுண்டுவிரலுக்கு நகம் கிடையாது. எங்கே பார்த்தாலும் அடையாளம் சொல்லிவிடுவேன்.

அவன் அவற்றைக் கால் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வலது கால் பெரியவன். இடது கால் சின்னவன். அண்ணன் தம்பி.

"சின்னவனுக்கு இன்னிக்கு மனசு சரியில்ல நைனா" என்பான். அன்றைக்குக் கால்பந்து ஆட்டம் சரியாக வராது.

"பெரியவன் நல்லவன். ஆனா காது மந்தம். எதுவா இருந்தாலும் ரெண்டு வாட்டி சொல்லணும். சத்தமா சொல்லணும். சின்னவன் அப்படி இல்ல. நான் நெனைக்கறதுக்கு முன்னாடி செஞ்சிட்டு நிப்பான்."

சிரிக்காமல் சொல்வான். முதலில் நாங்கள் சிரித்தோம். பிறகு பழகிவிட்டது. எங்கள் அணியில் பதினோரு பேர் இல்லை, பதிமூன்று பேர் என்று பட்டறையில் ஒரு கேலி உண்டு.

ராயப்பேட்டையில் மோட்டார் வண்டிகளுக்கு மேல்கூடு கட்டும் வெள்ளைக்காரர் பட்டறை அது. நான் அங்கே சம்மட்டி அடிப்பவன். சாயங்காலம் கோல்கீப்பர். அவன் ஸ்டோர் ஆள். பேருக்குத்தான். மேஸ்திரி அவனை வடக்கே ஒரு மில்லிலிருந்து பேசிக் கொண்டுவந்தார், பந்து ஆட.

அந்தக் காலத்தில் பந்து ஆடிச் சோறு தின்பவனுக்குப் பந்துக்காரன் என்று ஒரு வேலை கிடையாது. எங்காவது ஒரு முக்காலியில் உட்காரவைத்து ஏதாவது ஒரு பெயர் கொடுப்பார்கள். அவன் ரயில்வேயில் விளக்குத் துடைப்பவனாக இருந்தான். மில்லில் காவல்காரன். ஒரு பட்டாளத்தில் தோட்டக்காரன். ஒரு விளக்கும் துடைத்ததில்லை. ஒரு செடியும் நட்டதில்லை. கால் இருக்கிற வரைக்கும் முக்காலி. கால் போனால் முக்காலிக்கு வேறு ஆள்.

எங்கள் பட்டறை ஸ்டோரிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தான். காலடியில் ஒரு தகரத் தொட்டி. அதில் தண்ணீர். தண்ணீரில் பெரியவனும் சின்னவனும். கண் பாதி மூடியிருக்கும். போய் அரை அங்குலத் திருகாணி கேட்டால் இரண்டு அங்குலம் எடுத்துக் கொடுப்பான். ஆணி கேட்டால் சங்கிலி கொடுப்பான். கொடுத்துவிட்டு உட்கார்ந்தபடியே மறுபடி எங்கோ போய்விடுவான். எங்கே போகிறான் என்று தெரியாது.

ஒருநாள் மேஸ்திரி வந்து பார்த்தார்.

"இன்னாடா, ஸ்டோர்ல மீன் வளக்கிறியா?"

"ஆமா மேஸ்திரி. ரெண்டுதான் கீது. சனிக்கிழமை பாருங்க."

சனிக்கிழமை ஆட்டம். அவன் காலிலிருந்து இரண்டு கோல். மேஸ்திரி பிறகு தொட்டியைப் பற்றிப் பேசவில்லை.

அவன் இடப்பக்க ஓரத்தில் முன்னால் ஆடுவான். லெப்ட் அவுட் என்பார்கள். நான் பின்னால் கம்பத்துக்கு நடுவில் நிற்பேன். எனக்கு அவன் எப்போதும் தூரத்து ஆள். வெறுங்கால்தான் எங்கள் எல்லோருக்கும். ஆனால் அவன் ஓடினால் புல் மேலே ஏதோ ஊர்வது போல இருக்கும். வேகம் தெரியாது. எதிராளிகள் மட்டும் ஒவ்வொருவராக நின்றுபோவார்கள். பந்து வலைக்குள் போனதும் மற்றவர்கள் கையைத் தூக்குவார்கள். அவன் குனிந்து பார்ப்பான். யாராவது முதுகில் தட்டினால், "எங்கிட்ட எதுக்கு? அவன்கிட்ட சொல்லு" என்று கீழே காட்டுவான்.

பழகுவதற்கு எங்களுக்கு ஒரு இடம் இருந்தது. மாம்பலத்து ஏரியை வற்றவைத்துத் தியாகராய நகர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பக்கம் தெருவுக்குக் கல் நட்டிருக்கும். மறு பக்கம் வெறும் ஏரித்தரை, வெடித்துக் கிடக்கும். அந்தத் தரையில் விடிகாலையில் ஆடுவோம். பனிக் காலத்தில் எதிர்க் கம்பம் தெரியாது. பந்து உதைபடும் சத்தம் கேட்கும். பிறகு பந்து வரும். கொக்குகள் தினமும் வந்து இறங்கும். தண்ணீர் போனது அவற்றுக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒற்றைக் காலில் நின்றுவிட்டுப் போகும்.

"நைனா, நம்ம தலைக்கு மேல இவ்ளோ தண்ணி இருந்திச்சு" என்று ஒருநாள் கையை உயர்த்திக் காட்டினான். "நாம அடியில ஆடிக்கினு கீறோம். மீனுங்க மேலேருந்து பாத்துக்கினு இருக்கும்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். பனிதான் இருந்தது. ஆனாலும் அன்று முழுக்க எனக்குத் தண்ணீருக்குள் பாய்ந்து பந்து பிடிப்பது போலவே இருந்தது.

ஒரு தடவை அவனைக் கல்கத்தாவுக்குக் கூப்பிட்டார்களாம். பெரிய அணி. போய் இரண்டு மாதத்தில் திரும்பிவிட்டான். அவன் எங்கள் பட்டறைக்கு வருவதற்கு முந்தைய கதை. லஸ் கடைத்தெரு வழியாக நடந்து வரும்போது ஏன் என்று கேட்டேன்.

"அந்த ஊரு மண்ணு சின்னவனுக்கு ஒத்துக்கல. சேறு. பெரியவன் இருக்கலாம்னு சொன்னான்."

"நீ இன்னா சொன்னே?"

அவன் நின்றான். ஒரு டிராம் போனது. அது போனபிறகு சொன்னான்.

"என்னை யாரு நைனா கேக்கிறாங்க? ஊரு ஊரா கூப்டறது அவங்க ரெண்டு பேரைத்தான். நான் கூடப் போறேன், அவ்ளோதான்."

தண்டவாளத்தைத் தாண்டி மறுபடி நடந்தோம்.

அவனுக்கு மனைவி உண்டு. வாய்க்காரி. மயிலாப்பூரில் கால்வாய்க் கரை ஓரமாக ஒரு குடிசையில் இருந்தார்கள். நான் முதல் தடவை போனபோது அவன் சொம்புத் தண்ணீரால் காலைக் கழுவிக்கொண்டிருந்தான். முதலில் சின்னவனுக்கு. பிறகு பெரியவனுக்கு. துண்டால் விரல் விரலாகத் துடைத்தான். பிறகு நல்லெண்ணெய்.

"பாருங்கண்ணே" என்றாள் அவள். "ஊர்ல எல்லாம் புருசன் பொண்டாட்டிகிட்ட பேசுவான். இது காலுகிட்ட பேசுது. எண்ணெய்யும் எந்தலைக்கு இல்ல, அதுக்குத்தான்."

"உனக்கு வாய் கீது. அதுங்களுக்கு இல்ல. அதான் நான் பேசறேன்" என்றான் அவன்.

குடிசைக்குப் பக்கத்தில் ஒரு முருங்கைப் போத்து நட்டிருந்தாள். முழ நீளம். மேலே சாணி உருண்டை வைத்திருந்தாள். இரண்டு துளிர் விட்டிருந்தது.

"இது ஆறாவது போத்துண்ணே" என்றாள். "பெரம்பூர்ல ஒண்ணு. பட்டாளத்துக்கிட்ட ஒண்ணு. எங்க நட்டாலும் துளுக்கும். காய்க்கறதுக்குள்ள இவங்களை வேற ஊரு கூப்டும். நான் சட்டிபானை தூக்கிக்கினு பின்னால போவணும். ஒரு மரத்துல ஒரு காயாவது பறிச்சிக் கொழம்பு வெச்சிட்டேன்னா போதும்."

அவன் சின்னவனுக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் தேய்த்தான்.

அந்த வருஷம் நாங்கள் ஷீல்டுப் போட்டியில் கடைசி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே பட்டாளத்து வெள்ளைக்காரர்கள். பட்டறைத் துரை எங்களைக் கூப்பிட்டு நிற்கவைத்தார். ஜெயித்தால் ஆடின பதினோரு பேரும் பட்டறையில் நிரந்தரம். ஆட்டம் நின்றாலும், கால் நின்றாலும், வேலை நிற்காது. அது துரை வார்த்தை என்று மேஸ்திரி தமிழில் சொன்னார். ஆடாதவனுக்கு அது கிடையாது. அதையும் சொன்னார்.

எனக்கும் அது வேண்டியிருந்தது. என் தோள் அப்போதே வலிக்க ஆரம்பித்திருந்தது.

வெளியே வந்ததும் அவன் குனிந்தான். "கேட்டியா சின்னவனே? இந்த ஒரு வாட்டி. அப்பால வூட்டுல குந்திக்கலாம்."

மூன்று நாள் இருந்தது. ஏரித்தரையில் பழகிக்கொண்டிருந்தோம். முந்தின நாள் மழை. மண் இளகி, பழைய நத்தை ஓடுகள் மேலே வந்திருந்தன. ஏரி இருந்த காலத்து ஓடுகள். உடைந்தால் கண்ணாடி. அவன் ஓடிவந்து திரும்பினான். நின்றான். நான் போய்ப் பார்த்தேன். சின்னவனின் உள்ளங்காலில் வெள்ளையாக ஒரு முனை தெரிந்தது. பிடுங்கினேன். பாதிதான் வந்தது.

"ஏரி கடிச்சிடுச்சி நைனா" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் மேஸ்திரிக்குத் தெரியும். மேஸ்திரிக்குத் தெரிந்தால் துரைக்குத் தெரியும். அதனால் போகவில்லை. சுண்ணாம்பும் வெல்லமும் குழைத்துப் போட்டோம். அது முள்ளை இழுக்கும் என்பார்கள். நத்தை ஓட்டை இழுக்கவில்லை. மறுநாள் வீங்கியது. மூன்றாம் நாள் காலை, ஆட்டத்தன்று, நான்தான் துணி சுற்றிக் கட்டினேன். கையில் பட்டது. அடுப்புக் கல் மாதிரி சுட்டது. கணுக்கால் வரை சிவப்பு ஏறியிருந்தது.

"அவனுக்கும் கட்டு" என்று வலது காலை நீட்டினான்.

"அவனுக்கு இன்னா?"

"ஒருத்தனுக்குக் கட்டினா பட்டாளத்தான் அவனையே மிதிப்பான். ரெண்டு பேருக்கும் கட்டினா தெரியாது. பெரியவனும் கோவிச்சிக்க மாட்டான்."

இரண்டுக்கும் ஒரே மாதிரி கட்டினேன். நல்ல காலுக்கும் கெட்ட காலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. சம்மட்டி அடிக்கிற கை. இறுக்கித்தான் கட்டும்.

மைதானத்தில் மேஸ்திரிக்குச் சந்தேகம். "இன்னாடா ரெண்டு காலும் பொட்டலம் மாதிரி கீது?" துரையைக் கூட்டிவந்துவிட்டார். ஆபீஸில் ஒரு குமாஸ்தா உண்டு. சுமாராக ஆடுவான். இவனுக்குப் பதில் அவனை இறக்கலாம் என்று பேச்சு.

துரை கால் கட்டியவனைக் கேட்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் அதிகம் பேசாதவன். அதனால் என் பேச்சுக்கு அங்கே ஒரு மதிப்பு இருந்தது.

"இவன் ஆடுமா?" என்றார். அவர் தமிழ் அப்படி.

என் உள்ளங்கையில் அந்தச் சூடு இன்னும் இருந்தது. அவனைப் பார்த்தேன். அவன் முகத்தைப் பார்த்தேனா, காலைப் பார்த்தேனா என்று இப்போது தெரியவில்லை. அவனும் என்னைத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன். ஆறாவது முருங்கை நினைவுக்கு வந்தது. என் தோளும் நினைவுக்கு வந்தது.

"ஆடுவான்" என்றேன்.

ஒரு வார்த்தைதான்.

ஆட்டம் தொடங்கியது. அவன் இடது காலால் பந்தைத் தொடவில்லை. பெரியவனைக் கொண்டே ஆடினான். பெரியவனுக்கு அந்தப் பக்கம் பழக்கமில்லை. பந்து கோணலாகப் போயிற்று. கூட்டத்துக்கு அவன் கதை தெரியும்.

"சின்னவன் எங்கடா? சோறு துன்னப் போய்ட்டானா?"

"பெரியவனுக்குக் கேக்கலடா, சத்தமா சொல்லு!"

கூட்டம் முழுக்கக் கத்தியது. அவன் தலையைத் தூக்கவில்லை. என் கம்பத்துக்குப் பந்து வந்துகொண்டே இருந்தது. நான் பிடித்தேன். ஒன்றும் உள்ளே விடவில்லை. நாங்களும் ஒன்றும் போடவில்லை. வெயில் மஞ்சளாகிவிட்டது.

முடிவதற்குக் கொஞ்சம் முன்பு நான் எறிந்த பந்து கால்மாறி இடப்பக்கம் போயிற்று. அவனுக்கு முன்னால் ஒரே ஒரு பட்டாளத்தான். பந்து அவன் இடது பக்கமாக உருண்டு வந்தது. பெரியவனால் எட்ட முடியாது. அவன் குனிந்து பார்த்தான். அவ்வளவு தூரத்திலிருந்து உதடு அசைந்தது எனக்கு எப்படித் தெரிந்தது? ஆனால் தெரிந்தது. சின்னவனை எழுப்பினான்.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது போலத்தான் நினைவு. கால் வீசியது. பந்து மேலே ஏறியது. ஏரித் தண்ணீரில் மீன் திரும்புவது போலக் காற்றில் திரும்பியது. வலை அசைந்தது. உதைத்த சத்தம் அப்புறம்தான் என் காதுக்கு வந்தது.

எல்லோரும் அவனிடம் ஓடினார்கள். அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். "சின்னவனைத் தொடாதீங்க, சின்னவனைத் தொடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். துணி முழுக்கச் சிவப்பு.

இரண்டு நாள் கழித்து ஷீல்டோடு போட்டோ எடுத்தார்கள். அது என்னிடம் இருக்கிறது. பத்துப் பேர் நிற்கிறோம். பதிமூன்றில் மூன்று போனால் பத்து. அந்தப் போட்டோவைப் பார்ப்பவர்கள் யார் யார் என்று கேட்பார்கள். அவனைப் பற்றி யாரும் கேட்டதில்லை. இல்லாதவனை எப்படிக் கேட்பது?

ஆஸ்பத்திரியில் கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். நான் போனபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது.

"சின்னவன் பூட்டான் நைனா" என்றான்.

அவன் மனைவி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள்.

துரை வார்த்தை தவறவில்லை. அதைச் சொல்ல வேண்டும். பதினோரு பேரும் நிரந்தரம். அவன் கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து அதே முக்காலியில் உட்கார்ந்தான். தொட்டி இல்லை. இப்போது அரை அங்குலத் திருகாணி கேட்டால் அரை அங்குலம் வந்தது. ஆணி கேட்டால் ஆணி வந்தது. கண் திறந்தே இருந்தது. நல்ல ஸ்டோர் ஆள் என்று மேஸ்திரி சொன்னார். எனக்கு அந்தத் திருகாணியைக் கையில் வாங்கவே பிடிக்கவில்லை. வேறு ஆளை அனுப்பி வாங்கிக்கொள்வேன். ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள்.

"அண்ணே, அது காலோட பேச மாட்டேங்குது."

"நீதானே வேணாம்னு சொல்வே?"

"சொன்னேன். புத்திகெட்டுச் சொன்னேன். காலோட பேசல. என்னோட பேசல. நான் திட்டினா திருப்பித் திட்டறதுக்குக்கூட வூட்டுல ஆளு இல்லண்ணே. நீங்க வந்து ஒரு வார்த்தை பேசுங்க."

உள்ளேயிருந்து என் மனைவி சிரித்தாள். "இவரையா கூப்ட வந்தே? இவரு பேசி நானே கேட்டதில்ல."

போனேன்.

அவன் குடிசை வாசலில் ஒரு பலகை மேல் உட்கார்ந்திருந்தான். கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். வலது கால் மண்ணில் இருந்தது. அதைப் பார்த்தேன். குதிகால் வெடித்து, விரலிடுக்கில் அழுக்கு. நகமில்லாத சுண்டுவிரல் காய்ந்து கிடந்தது. கழுவிப் பல நாளாகியிருக்கும்.

அவளிடம் சொம்பில் தண்ணீர் கேட்டேன். கொண்டுவந்தாள். கீழே உட்கார்ந்து அந்தக் காலில் ஊற்றினேன். அவன் இழுத்துக்கொள்ளப் பார்த்தான்.

"இன்னா நைனா பண்றே?"

"உன்கிட்ட பேச வரல. பெரியவர்கிட்ட பேச வந்தேன்."

இழுப்பதை விட்டான். விரல் விரலாகத் தேய்த்தேன். எனக்குப் பேச வராது. அதுவும் காலோடு. தண்ணீர் தீர்ந்துவிட்டது. இனிமேல் பேசித்தான் ஆகவேண்டும்.

"பெரியவரே" என்றேன். "அன்னிக்குத் துரை கேட்டாரு. ஆடுவான்னு நான் சொன்னேன். உங்க தம்பி எப்படிக் கொதிச்சிக்கினு இருந்தாருன்னு என் கைக்குத் தெரியும். தெரிஞ்சேதான் சொன்னேன். இவன் முக்காலிக்காகச் சொன்னேன்னு நெனைச்சிக்கினு இருந்தேன். எனக்காவவும்தான் சொன்னேன்."

பின்னால் அவள் அரிவாள்மனையில் ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தாள். அது நின்றது.

கால்வாயில் ஒரு விறகுப் படகு வந்தது. ஒருவன் கழி ஊன்றிக்கொண்டு நடந்தான். அது மெதுவாகப் போய் வளைவில் மறைகிற வரை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகு சொன்னான்.

"அவனுக்குக் காது மந்தம் நைனா. சத்தமா சொல்லு."

மறுபடி சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். முழுதும் சொன்னேன். அவ்வளவு சத்தமாக நான் வாழ்நாளில் பேசியதில்லை. அக்கரையில் துணி துவைத்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் குனிந்து காலைப் பார்த்தான். கட்டைவிரலைக் கொஞ்சம் அசைத்தான்.

"கேட்டுக்கினான்" என்றான்.

"நீ இன்னா சொல்றே?"

"நானா?"

"உன்னைத்தான் கேக்கிறேன்."

என் முகத்தைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். எனக்கு அவன் முகம் நினைவில்லை என்றேன். அந்த நேரத்து முகம் மட்டும் இருக்கிறது. மீசை இருந்தது.

அவன் உள்பக்கம் திரும்பினான்.

"ஏய், நைனா சாப்ட்டுட்டுப் போவாரு. சோறு கூடப் போடு."

"வாயத் தொறந்துட்டாரு மகராசா" என்றாள் அவள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நறுக்கும் சத்தம் மறுபடி தொடங்கியது.

குழம்பில் முருங்கைக்காய். வீட்டு மரத்துக் காய். பறிக்காமல் விட்டு முற்றிப்போயிருந்தது. மூன்று பேரும் மென்று மென்று துப்பினோம்.